இணையப் பாடத்தளங்களில் ஆவணமும் காணொலியும்: தமிழ்நாட்டு வரலாறு

பாடக்குறிப்பு, வரைபடம், வினாத்தாள் போன்ற ஆவணங்களையும் பாடக் காணொலிகளையும் ஓர் இணையத்தளத்தில் வகுப்புவாரியாக ஏற்றிவைத்து, மாணவர் வேண்டிய நேரத்தில் எடுத்துப் படிக்கச் செய்யும் முறைக்குத் தமிழில் ஏறத்தாழ கால் நூற்றாண்டு வரலாறு உண்டு. பதிவேற்றும் பொத்தானை அழுத்துவது எந்த ஆசிரியருக்கும் இரண்டு நாளில் பழகிவிடும். ஏற்றிய கோப்பு மாணவர் கையிலுள்ள கருவியில் திறக்கிறதா, இன்று திறப்பது பத்தாண்டு கழித்தும் திறக்குமா என்ற இரண்டு கேள்விகள்தாம் இந்த வரலாறு நெடுகிலும் தலைகாட்டுகின்றன. இக்கட்டுரை அவ்விரண்டையும் பின்தொடர்கிறது. பெரம்பலூர் மாவட்டம் வேப்பந்தட்டைப் பகுதியில் சமூக அறிவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் என்பதால் என் அனுபவமும் இடையிடையே வரும்.

அஞ்சல் கட்டும் செயற்கைக்கோளும்

தொலைவில் இருப்பவருக்குப் பாடத்தை எழுத்தில் அனுப்பும் வழக்கம் கணினிக்கு முந்தையது. டெல்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் அப்போதைய மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும் அவ்வழியில் இறங்கின. என் தலைமுறை ஆசிரியர்களில் பலர் முதுகலைப் பட்டம் பெற்றது இப்படித்தான். பழுப்புநிற உறையில் பாடக்கட்டு பள்ளி முகவரிக்கே வந்து சேரும். ஒருவர் தேர்வெழுதி முடித்ததும் அடுத்த ஆண்டு சேர்ந்தவருக்கு அது கைமாறும். ஓரங்களில் முன்னவர் எழுதிய பென்சில் குறிப்புகளே சில நேரம் பாடத்தைவிடத் தெளிவாக இருக்கும். அந்தக் கட்டைப் படிக்க மின்சாரமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம்.

காட்சி வழியாகக் கற்பிக்கும் முயற்சி 1975 ஆகஸ்டில் தொடங்கியது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கொண்டு இஸ்ரோ ஓராண்டு நடத்திய சைட் திட்டத்தில் ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்கள் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பெற்றன. ஆந்திரமும் கர்நாடகமும் பட்டியலில் இருந்தன, தமிழ்நாடு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 1984 ஆகஸ்ட் 15இல் தூர்தர்ஷனில் தொடங்கிய நாடுதழுவிய வகுப்பறை நம் வீடுகளுக்கும் வந்தது. ஆனால் ஒளிபரப்பாகும் நேரத்தில் கறவைக்கோ கழனிக்கோ போயிருந்தவருக்கு அந்தப் பாடம் போனது போனதுதான். 2004 செப்டம்பர் 20இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஜுசாட் கல்விக்கென்றே அமைந்த செயற்கைக்கோள். அதற்கும் நேர அட்டவணை உண்டு. வேண்டும்போது எடுத்துப் பார்க்கும் வசதிக்கு இணையம் வரவேண்டியிருந்தது.

எழுத்துரு என்னும் முதல் தடை

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டில் தமிழுக்கென ஓர் இணையப் பல்கலைக்கழகம் அமைக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. 2001 பிப்ரவரி 17இல் அது செயல்படத் தொடங்கியது. வா. செ. குழந்தைசாமி அதன் நிறுவனத் தலைவர். மழலைக் கல்வியில் தொடங்கி சான்றிதழ், பட்டயம், தமிழியல் இளநிலைப் பட்டம் வரை பாடங்கள் இணையத்தில் வைக்கப்பட்டன. நூலகமும் சேர்ந்தது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளை மனத்தில் வைத்து உருவான தளம் என்றாலும் உள்ளூர் ஆசிரியர்களும் அதில் நிறைய எடுத்துக்கொண்டோம். இன்று அதன் பெயர் தமிழ் இணையக் கல்விக்கழகம்.

அந்நாளில் தமிழில் ஓர் ஆவணத்தை இணையத்தில் ஏற்றுவது என்றால் முதலில் எந்த எழுத்துருவில் என்று முடிவு செய்யவேண்டும். டிஸ்கி, டாப், டாம் என்று குறியேற்றங்கள் பல. அரசு அலுவலகங்களில் வானவில் எழுத்துருக்கள், இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடையிலும் பாமினி, அச்சகங்களில் வேறு வேறு. இவை ஆங்கில எழுத்துக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகள் சிதறிக் கிடக்கும். பாமினியில் அடித்ததென்றால் மெய்யெழுத்தின் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி நிற்கும்.

ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இருக்கிறது. விண்டோஸ் 2000 இயங்குதளம் லதா எழுத்துருவுடன் வந்தபோது சாதாரணக் கணினியிலும் அது தெரியத் தொடங்கியது. ஆனால் பழகிய விசைப்பலகையையும் வாங்கிவைத்த எழுத்துருவையும் யாரும் எளிதில் விடுவதில்லை. 2010இல்தான் தமிழ்நாடு அரசு ஒருங்குறியையும், அதற்கு மாற்றாக டேஸ்16 குறியேற்றத்தையும் ஏற்று ஆணையிட்டது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன் மின்னூல்களை டிஸ்கியிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிக்கொண்டது தன்னார்வலர்களின் உழைப்பால். பள்ளி ஆசிரியர்கள் தட்டச்சு செய்து வைத்திருந்த வினாத்தாள்களையும் குறிப்புகளையும் அப்படி மாற்ற யாரும் இல்லை.

பிடிஎஃப் ஆக்கிவிட்டால் எழுத்துரு உள்ளேயே பதிந்துவிடும், எங்கும் தெரியும் என்று கண்டுகொண்டு எல்லாரும் அப்பக்கம் சாய்ந்தோம். பார்வைக்கு அது தீர்வுதான். ஆனால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்காது; ஒரு பத்தியை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறும். தாளை அப்படியே ஒளிவருடி ஏற்றினாலோ அது வெறும் படம். பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக் காட்டாது. இன்றும் பாடத்தளங்களில் கிடக்கும் தமிழ்ப் பிடிஎஃப்களில் கணிசமானவை இந்த நிலையில்தான் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை, காணொலி பற்றி நாம் பேசும் அளவில் பாதியாவது இதைப் பற்றிப் பேசியிருக்க வேண்டும்.

மூடிலும் இரண்டு மெகாபைட்டும்

பாடத்தளம் அமைக்க உலகெங்கும் பரவிய கட்டற்ற மென்பொருள் மூடில். இதை உருவாக்கிய மார்ட்டின் டுகியமாஸ் மேற்கு ஆஸ்திரேலியப் பாலைவனப் பகுதியில் வளர்ந்தவர். அங்கே பள்ளி என்பது சிற்றலை வானொலியில் ஆசிரியரின் குரலும், விமானத்தில் வந்திறங்கும் பாடக்கட்டும்தான். நம் பழுப்பு உறைக்கு உறவுக்காரர் என்று சொல்லலாம். பெர்த் நகரின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விலைகொடுத்து வாங்கிய வேறொரு பாடத்தள மென்பொருளைப் பராமரித்தபோது ஏற்பட்ட சலிப்பே அவரைத் தாமே ஒன்று செய்யத் தூண்டியது. முதல் பதிப்பு 2002 ஆகஸ்ட் 20இல் வெளியானது. தமிழ் இடைமுகமும் பின்னர் சேர்ந்தது. இலங்கைக் கல்வி அமைச்சின் இ-தக்சலாவ போன்று சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் பாடம் தரும் தளங்கள் நம் அண்டையிலும் உருவாயின.

மூடிலில் ஆவணம் ஏற்றப் புகுந்த எவரும் முதல் நாளே சந்தித்த சுவர் கோப்பின் அளவு. மூடில் இயங்கும் பிஎச்பி மொழியில் பதிவேற்ற வரம்பு இயல்பாக 2 மெகாபைட். வழங்கியைப் பராமரிப்பவர் அதை உயர்த்தாவிட்டால், ஒளிவருடிய பத்துப் பக்கம் கூட ஏறாது. ஆசிரியருக்கு இது தெரியாது. தளம் பழுது என்று விட்டுவிடுவார். அதோடு, தொடக்ககாலப் பதிப்புகளில் கோப்பு முதலில் பாடத்தின் கோப்புறைக்குள் போகவேண்டும், பிறகு தனியே அதற்கு இணைப்புத் தரவேண்டும். 2010 நவம்பரில் வந்த 2.0 பதிப்பு கோப்புகளைச் சேமிக்கும் முறையையே மாற்றியது: ஒரே கோப்பைப் பத்து வகுப்புக்கு ஏற்றினாலும் வழங்கியில் ஒரு படிதான் இருக்கும். 2012இல் 2.3 பதிப்பு வந்தபின் கோப்பைச் சுட்டியால் இழுத்துப் பக்கத்தில் போட்டாலே போதும் என்றானது. அந்தச் சிறு மாற்றம் எத்தனை ஆசிரியர்களின் தயக்கத்தைப் போக்கியிருக்கும் என்பது, பழைய முறையில் மல்லாடியவர்களுக்குத்தான் தெரியும்.

வன்தட்டில் பயணித்த விரிவுரைகள்

காணொலிக்கு இந்தியாவில் பாதை போட்டது என்பிடெல். சென்னை ஐஐடி உள்ளிட்ட ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய இத்திட்டத்தில் பாடங்கள் இரண்டு வகையாகவே பிரிக்கப்பட்டன: படித்தறியும் இணையப் பாடம் ஒன்று, காணொலிப் பாடம் மற்றொன்று. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் பாடப்பொருள்களை இலவசமாகத் தரப்போவதாக 2001இல் அறிவித்து உலகின் கவனத்தை ஈர்த்திருந்த நேரம் அது. 2005இல் யூடியூப் வந்தபின் விரிவுரைகளை வைப்பதற்கு இடப் பஞ்சம் தீர்ந்தது.

பார்ப்பதற்கு அலைக்கற்றை வேண்டுமே. சிற்றூர்ப் பொறியியல் கல்லூரிகளில் ஒரே இணைப்பை நூறு பேர் பங்கிட்டுக்கொண்ட காலம். எனவே காணொலிகளை வன்தட்டில் நிரப்பிக் கல்லூரிகளுக்குக் கொடுக்கும் ஏற்பாடு நடந்தது. கல்லூரி தன் உள்வலையமைப்பில் அதை வைத்துக்கொள்ளும். இணையத்தில் ஏற்றப்பட்ட பாடம் பேருந்திலும் கூரியரிலும் பயணம் செய்து மாணவரை அடைந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து தரவின் விலையைச் சரித்த பிறகுதான் கைப்பேசியில் காணொலி பார்ப்பது பொதுவழக்கமாயிற்று.

பாடநூலுக்குள் ஒரு கதவு

பள்ளிக்கல்வியில் பெரிய திருப்பம் 2018. மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் உருவாக்கிய புதிய பாடநூல்கள் அவ்வாண்டு 1, 6, 9, 11 வகுப்புகளுக்கு வந்தன. அவற்றின் பக்கங்களில் விரைவுத் துலங்கல் குறியீடு அச்சாகியிருந்தது. கைப்பேசியை நூலின் மேல் பிடித்தால் அந்தப் பாடத்துக்கான காணொலியோ பயிற்சியோ திறக்கும். பின்னால் நின்றது 2017 செப்டம்பர் 5இல் தொடங்கப்பட்ட திக்‌ஷா தளம். சன்பேர்டு என்ற திறந்தமூல மென்பொருளின்மேல் அது கட்டப்பட்டது.

இத்தளத்தில் ஆவணம் சேர்ப்பது யூடியூபில் போடுவதுபோல் ஒரே படியில் முடியாது. உருவாக்குபவர் ஏற்றுவார், வகுப்பு, பயிற்றுமொழி, பாடம், அலகு எல்லாம் குறிப்பார், வேறொருவர் சரிபார்த்தபின்தான் வெளியாகும். அலுப்பூட்டும் வேலை என்று பலர் முணுமுணுத்தார்கள். ஆனால் தேடினால் கிடைப்பது அந்த அலுப்பினால்தான். குறியீட்டுக்குக் கீழே ஆறு எழுத்தில் ஓர் அடையாளமும் இருக்கும். புகைப்படக்கருவி சரியாக இல்லாத கைப்பேசியில் அதைத் தட்டச்சு செய்தாலும் பாடம் வரும். ஒரு கைப்பேசியில் இறக்கிய பாடத்தை இணையமில்லாமலே இன்னொரு கைப்பேசிக்குக் கொடுக்கவும் வழி வைத்திருந்தார்கள். கிராமத்துப் பள்ளியை நினைத்துப் பார்த்த யாரோ ஒருவர் அந்த அறையில் இருந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும்.

2019 ஆகஸ்ட் 26இல் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. அதன் நிகழ்ச்சிகள் யூடியூபிலும் ஏற்றப்பட்டதால், ஒளிபரப்பைத் தவறவிட்டவருக்கும் பாடம் கிடைத்தது. 1984இன் குறை அங்கே நிரவப்பட்டது.

2020

அந்த ஆண்டு மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புகளுக்குக் கதவு திறந்தது 2021 ஜனவரி 19இல். 1 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் 2021 நவம்பர் 1 வரை காத்திருந்தார்கள். இடைப்பட்ட காலத்தில், அதுவரை ஒரு கோப்பைக்கூட எங்கும் ஏற்றியிராத ஆசிரியர்கள் காணொலி எடுத்தார்கள். வீட்டுச் சுவரில் கரும்பலகை மாட்டி, கைப்பேசியை மாவு டப்பாவின் மேல் சாய்த்து வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பாடம் நடத்தியவர்களை நான் அறிவேன்.

அந்தக் காணொலிகளில் பெரும்பகுதி பாடத்தளம் எதற்கும் போகவில்லை. வாட்ஸப் குழுக்களுக்குப் போனது. அப்போது வாட்ஸப்பில் காணொலிக்கு வரம்பு 16 மெகாபைட். பாடத்தைத் துண்டு துண்டாக வெட்டி அனுப்பினார்கள். காணொலியை ஆவணமாக இணைத்தால் 100 மெகாபைட் வரை போகும் என்று யாரோ கண்டுபிடிக்க, அந்த உத்தி ஒரே வாரத்தில் ஆசிரியர் குழுக்களெல்லாம் பரவியது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நொடிக்கு ஒரு மெகாபிட் வேகத்தில் பதிவான 40 நிமிடப் பாடம் 300 மெகாபைட் பிடிக்கும். நாளுக்கு ஐந்து பாடவேளை என்றால் 1.5 ஜிகாபைட், ஒரு கைப்பேசித் திட்டத்தின் அன்றாடத் தரவு முழுதும் தீர்ந்துவிடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருந்தால் ஒருவருக்குப் பாடம் இல்லை. அதே 40 நிமிடத்தைக் குரலாக மட்டும் நொடிக்கு 32 கிலோபிட் அளவில் பதிந்தால் 10 மெகாபைட்டுக்குள் அடங்கும். எழுதிய குறிப்பாக இரண்டு பக்கம் தட்டச்சு செய்தால் சில நூறு கிலோபைட்டுக்கு மேல் போகாது. நான் இதைச் சில இளம் ஆசிரியர்களிடம் சொன்னபோது, "பிள்ளைங்க வீடியோவைத்தான் சார் பாக்குறாங்க" என்றார்கள். அதுவும் பொய்யில்லை.

எங்கள் பக்கத்தில் கைப்பேசி வீட்டுத்தலைவரோடு பருத்திக் காட்டுக்கோ, டிராக்டர் ஓட்டவோ போய்விடும். இரவு எட்டு மணிக்குத்தான் திரும்பும். பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் அலைவரிசை கிடைக்க மேல்நிலை நீர்த்தொட்டி அருகே போய் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. காலை பத்து மணிக்கு நேரலையில் வகுப்பு நடத்துவதால் இவர்களுக்குப் பயனில்லை. இரவில் எடுத்துப் பார்க்கும்படி ஏற்றிவைத்த சிறு கோப்புதான் எட்டியது.

அரசின் ஏற்பாடுகளில் நான் மதிப்பது ஒன்று. 2020 ஜூலையில், 12ஆம் வகுப்பு மாணவர்கள் தங்கள் விலையில்லா மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுவந்து, உயர் தொழில்நுட்ப ஆய்வகத்தில் காணொலிப் பாடங்களை நிரப்பிக்கொண்டு போகலாம் என்றார்கள். 6,029 அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கென அமைந்த இந்த ஆய்வகங்களில் வழங்கிக் கணினி ஒன்று உண்டு. கம்பிவடத்தைச் செருகி ஒரு வேலையாகப் படியெடுத்துக்கொண்டால் வீட்டில் இணையம் தேவையில்லை. 2011இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தைச் சினிமா பார்க்கத்தான் உதவும் என்று கேலி செய்தவர்களும் அந்த ஜூலையில் வாய் திறக்கவில்லை. ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு மடிக்கணினி ஏது? அந்த இடைவெளியை நிரப்ப 2021 அக்டோபர் 27இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மாலைநேரத்தில் தன்னார்வலர்களையே அனுப்பியது. ஏற்றிவைத்த எந்தக் கோப்பும் செய்யாததை அவர்கள் செய்தார்கள் என்பது வேறு கட்டுரைக்குரிய செய்தி.

மறைந்துபோனவை

2020 டிசம்பர் 31உடன் அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியது. அதில் செய்த அசைபடப் பாடங்கள், ஊடாட்டப் பயிற்சிகள், பள்ளிகள் விலைகொடுத்து வாங்கிய திறன் வகுப்பறைக் குறுந்தகடுகள் பல அன்றோடு திறக்காமல் போயின. உலகெங்கும் ஆசிரியர்கள் பாடம் ஏற்றி வைத்திருந்த எட்மோடோ தளம் 2022 செப்டம்பர் 22இல் மூடப்பட்டது. தங்கள் கோப்புகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டவர்கள் தப்பித்தார்கள். 2020இல் வாட்ஸப்பில் ஓடிய காணொலிகளோ, கைப்பேசியில் இடம் போதவில்லை என்று அழிக்கப்பட்ட அன்றே மறைந்தன. யூடியூபில் தனிப்பட்ட கணக்கில் போட்டவை கணக்குக்குரியவரின் விருப்பத்தில் நிற்கின்றன. அவற்றில் பலவற்றின் தலைப்பு வெறும் தேதியும் எண்ணுமாக இருப்பதால், எந்த வகுப்பு, எந்தப் பாடம் என்று ஏற்றியவருக்கே தெரிவதில்லை.

இதில் இழப்பு எங்கே என்று கேட்கலாம். ஒளிச்சேர்க்கைக்கும் பித்தகோரஸ் தேற்றத்துக்கும் வேறு நூறு காணொலிகள் இருக்கின்றனவே. உண்மைதான். மாநிலப் பாடநூல் தொடாத உள்ளூர்ச் செய்திகளுக்கு மாற்று இல்லை. ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றி 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதை, சாத்தனூர்க் கல்மரத்தை, அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கடல் உயிர்களின் எச்சம் கிடைப்பதை, அரும்பாவூர் மரச்சிற்பிகளின் தொழிலை எங்கள் ஊர்ப் பிள்ளைக்குப் பாடமாக எழுதுபவர் உள்ளூர் ஆசிரியர் ஒருவராகத்தான் இருப்பார். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, இது பற்றி ஒன்பதாம் வகுப்புக்கு நான் முன்பு தயாரித்திருந்த குறிப்பு எங்கே என்று தேடினேன்.

ஈழத்தமிழ் ஆவணங்களை 2005 முதல் எண்ணிமப்படுத்திவரும் நூலகம் திட்டம் இதில் ஒரு முன்மாதிரி. நூல்களோடு சிறு மலர்கள், துண்டறிக்கைகள், பள்ளி வெளியீடுகள்கூட அங்கே தலைப்பு, ஆண்டு, பொருள் குறித்துப் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. போரில் நூலகங்களை இழந்த மக்கள் செய்த வேலை அது. நமக்கு அப்படி எதுவும் எரிந்துபோகவில்லை. எழுத்துரு மாறியதிலும் தளம் மூடியதிலும் சத்தமில்லாமல் போயிற்று. இப்போது திக்‌ஷாவில் வெளியாகும் பாடங்கள் பெரும்பாலும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. ஒரு தளம் மூடப்பட்டாலும் இன்னொருவர் எடுத்து வேறிடத்தில் ஏற்றத் தடையில்லை. தம் குறிப்பை ஏற்றும் ஆசிரியர் வகுப்பு, பாடம், ஊர், ஆண்டு நான்கையும் கோப்பின் பெயரிலேயே எழுதி, ஒருங்குறி மூலக் கோப்பையும் பிடிஎஃப்புடன் சேர்த்து வைத்தால், அந்த இன்னொருவருக்கு வேலை பாதியாகும்.

நான் தேடிய குறிப்பு 2003 வாக்கில் எழுதிய ஒரு குறுந்தகட்டில் இருந்தது. மடிக்கணினியில் குறுந்தகடு போடும் இடமே இல்லாததால், பெரம்பலூரில் ஒரு கணினி மையத்தில் கொடுத்துப் படியெடுத்தேன். பதினான்கு கோப்புகள். எல்லாம் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக நின்றன. என்எச்எம் மாற்றியில் ஒவ்வோர் எழுத்துருவாகக் கொடுத்துப் பார்த்ததில் பன்னிரண்டு தமிழாகத் திரும்பின. அரும்பாவூர் குறிப்பு வந்துவிட்டது. ரஞ்சன்குடிக் கோட்டைக்கு மாணவர்களோடு போய்வந்தபின் அவர்கள் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்த கட்டுரை, வராத இரண்டில் ஒன்று. அப்போது எந்த எழுத்துருவில் அடித்தேன் என்று நினைவில்லை.